அப்பா கழற்றிக்கொண்டே இருந்த தொப்பி

டென்மார்க்கின் காற்றுக்கு மரியாதை தெரியாது. அம்மாவும் நானும் ஹ்விடோவ்ரே ரயில் நிலையத்தடியில் பஸ்ஸுக்கு நின்றபோது, சைக்கிளில் வந்த ஒரு மனிதரின் கம்பளித் தொப்பியை அது பிடுங்கிக்கொண்டு போனது. அவர் சைக்கிளை விட்டுவிட்டுத் தொப்பியின் பின்னால் ஓடினார். அதை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தோம்: தொப்பி போன மொட்டைத் தலையில் இன்னொரு தொப்பி இருந்தது. உச்சியில், சிரட்டையைக் கவிழ்த்து வைத்த மாதிரி, கறுப்புத் துணியில். அவ்வளவு காற்றுக்கும் அது அசையவில்லை.

"பிஷப்பாண்டவரோடி?" என்றார் அம்மா.

"பிஷப்பாண்டவர் ஏனம்மா சைக்கிளில வாறார்?"

"இஞ்ச மந்திரிமாரே சைக்கிளிலதான் போகினமாம். ஆண்டவருக்கு மட்டும் காரோ?"

அம்மாவுக்கு அந்த வகைத் தொப்பி ஒரே ஒரு தலையில்தான் பழக்கம். மன்னாரில் எங்களுக்கு உறுதிபூசுதல் கொடுக்க வந்த பிஷப்பாண்டவர், தன் உயரமான கூர்முடியைக் கழற்றியபோது, உள்ளே ஊதா நிறத்தில் இதுபோல ஒன்று இருந்தது. ஆகவே தொப்பிக்குள் தொப்பி என்றால் அம்மாவுக்கு அது பிஷப்பாண்டவர். அந்த மனிதர் ஒரு யூதர் என்பதும், அதை டேனிஷில் கலொட் என்றும் எபிரேயத்தில் கிப்பா என்றும் சொல்வார்கள் என்பதும் மறுநாள் மொழிப் பள்ளி ஆசிரியை சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அகதிகளாக நாங்கள் டென்மார்க்குக்கு வந்த இரண்டாவது குளிர்காலம் அது. மொழிப் பள்ளியின் கடைசிச் சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. தானே தெரிவுசெய்த ஒரு விடயத்தைப் பற்றி ஒவ்வொருவரும் டேனிஷில் பேச வேண்டும். பிறகு ஆசிரியையும் வெளியிலிருந்து வரும் ஒரு சோதகரும் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். சித்தியடைந்தால் வளர்ந்தவர்களுக்கான உயர்வகுப்பில் இடம் உண்டு, அங்கிருந்து பல்கலைக்கழகம் வரை பாதை திறந்திருக்கும். தவறினால், கொம்யூனில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், எங்கள் குடும்பத்தின் கோப்பைப் பார்க்கும் பெண்மணி எனக்காக ஒரு வேலை எடுத்துவைத்திருந்தார். முதியோர் இல்லத்தில் நிலம் துடைப்பது. அவர் கெட்டவர் இல்லை. என்னைப் பார்த்தவுடன் அவருடைய கண்ணுக்கு ஒரு வாளியும் தெரிந்தது, அவ்வளவுதான்.

நிலம் துடைப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. அம்மா அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஆனால் தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் பள்ளிக்கூடப் படி ஏறியவள் நான் ஒருத்திதான். அப்பா கடலுக்குப் போனவர், அம்மா கருவாடு காயவைத்தவர். கையெழுத்து வைக்கச் சொன்னால் இருவரும் புள்ளடி போடுவார்கள். நானோ உயர்தரம் வரை படித்து, அந்தப் புள்ளடிகளுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்பவளாக வளர்ந்தேன். அப்படிப்பட்ட என்னைக் கடவுள் ஒரு வாளிக்காகப் படைத்திருக்க முடியாது என்று உறுதியாக நம்பினேன். இந்தத் தற்பெருமையை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதில்லை. சொன்னால் விட வேண்டி வரும்.

வகுப்பில் ஒரு போலந்துக்காரி திமிங்கிலத்தை எடுத்துக்கொண்டாள். ஒரு ஈரான்காரர் ஜனநாயகத்தை எடுத்தார். நான் தொப்பியை எடுத்தேன். பொருள் சிறியது, வேலையும் சிறியதாக இருக்கும் என்ற கணக்கு. அதோடு ஒரு கேள்வி என்னை உறுத்திக்கொண்டிருந்தது: மொட்டைத் தலையில் அது எப்படி நிற்கிறது?

நூலகத்தில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் கணக்கு பிழைத்தது தெரிந்தது. யூதர்களின் வேதத்தில் சாதாரண ஆண்கள் தலையை மூட வேண்டும் என்று ஒரு கட்டளையும் இல்லை. கோவிலில் பலி கொடுத்த குருக்களுக்குத் தலைப்பாகை உண்டு. மற்றவர்களின் தலையைப் பற்றிக் கடவுள் வாயே திறக்கவில்லை. பிற்காலத்தில் சில பக்திமான்கள், மேலே கடவுள் இருக்கும்போது வெறுந்தலையோடு நடப்பது கூடாது என்று தாங்களாகவே மூடிக்கொண்டார்கள். அதைப் பார்த்து மற்றவர்கள். ஐரோப்பாவில் கிறிஸ்தவர்கள் கோயிலுக்குள் தொப்பியைக் கழற்ற, இவர்கள் நாங்கள் வேறு என்று காட்டவோ என்னவோ, இன்னும் இறுக்கிப் போட்டார்கள். சில ராசாக்கள் யூதர்களை அடையாளம் பிடிப்பதற்காக விகாரமான கூர்த்தொப்பி போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதும் உண்டு. அந்தத் தொப்பி போய்விட்டது, ராசாக்களும் போய்விட்டார்கள். தானாக விரும்பிப் போட்டது மட்டும் தலையில் இருக்கிறது. முதலில் வழக்கம் வந்தது, காரணம் அடுத்த பஸ் பிடித்துப் பின்னால் வந்தது என்று நான் முடிவுகட்டினேன்.

வாசித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பழங்கதை. அதை இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சொன்னேன். பாபிலோன் பக்கத்தில் ஒரு தாய்க்குச் சாத்திரக்காரர்கள், உன் மகன் கள்ளனாகத்தான் வருவான் என்று சொல்லிவிட்டார்கள். அவள் பயந்துபோய் மகனின் தலையை எப்போதும் மூடியே வைத்தாள். தலை மூடியிருந்தால் கடவுள் பயம் இருக்கும் என்பது அவள் எண்ணம். மகன் வளர்ந்து பெரிய படிப்பாளியாகிவிட்டான். ஒருநாள் யாரோ ஒருவருடைய ஈச்சமரத்தின் கீழ் இருந்து படிக்கும்போது தலைத்துணி நழுவி விழுந்தது. அண்ணாந்து பார்த்தான், பழக்குலை தெரிந்தது. விறுவிறு என்று ஏறிப் பல்லாலேயே கடித்து இழுத்தான்.

"பாத்தியே, சாத்திரியார் சொன்னது பலிச்சிட்டுது," என்றார் அம்மா. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் அம்மா, ஊரில் சாத்திரியாரிடமும் பின்கதவால் போய் வந்தவர்.

"அம்மா, கதையின்ர கருத்து அதில்லை. தலையை மூடியிருந்த வரைக்கும் அவன் களவெடுக்கேல்லை."

"பசிச்சிருக்கும்," என்றார் அப்பா. "படிக்கிறவனுக்கு நேரத்துக்குச் சாப்பாடு குடுக்காமல் தொப்பியைக் குடுத்தால் அவன் மரத்தில ஏறாமல் என்ன செய்வான்?"

"அதுவும் பல்லால கடிச்சவனாம். கத்தி கொண்டு போகாதவன் கள்ளனே? அவன்ர தாய்க்கு ஒண்டும் தெரியாது," என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சட்டியைக் கழுவப் போனார்.

புத்தகத்தில் வாசித்ததை மட்டும் ஒப்புவித்தால் சோதகருக்கு நித்திரை வரும், நேரே போய்ப் பார் என்று ஆசிரியை சொன்னார். கொப்பன்ஹேகனில் யூதர்களின் செபக்கூடத்துக்குத் தொலைபேசியில் பேசி, ஒரு சனிக்கிழமை காலை வர அனுமதியும் வாங்கித் தந்தார். கலியாணம் ஆகாத பெண் தெரியாத கோயிலுக்குத் தனியே போவதா என்று அப்பாவும் வெளிக்கிட்டார். அவருக்கும் அந்தத் தொப்பியைக் கிட்டப் பார்க்க ஆசை. அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

வாசலில் காவல் நின்ற இளைஞர்கள் என் கைப்பையைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். அங்கே ஒரு கூடையில் வந்தவர்களுக்கென்று கறுப்புச் சாட்டின் துணியில் கிப்பாக்கள் கிடந்தன. வாசலுக்குப் பொறுப்பான மனிதர் ஒன்றை எடுத்து அப்பாவின் தலையில் வைத்தார். அப்பா அதைத் தொட்டுப் பார்த்து, என்னைப் பார்த்து, மெல்லச் சிரித்தார். பெண் பிடித்துப்போன மாப்பிள்ளையின் சிரிப்பு. நானும் கூடைக்குள் கையை நீட்டினேன். பெண்களுக்குத் தேவையில்லை, பெண்கள் மேலே, என்று அவர் படிக்கட்டைக் காட்டினார். தேவையில்லை என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஏறினேன்.

மாடத்தில் கலியாணம் ஆன பெண்கள் விதம்விதமான தொப்பிகளோடு இருந்தார்கள், பூந்தோட்டம் மாதிரி. என் பக்கத்தில் என் வயதுச் செம்பட்டை முடிக்காரி ஒருத்தி வெறுந்தலையோடு இருந்தாள். மேலிருந்து பார்க்கும்போது கீழே ஆண்களின் உச்சந்தலைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. கடவுள் தினமும் பார்க்கும் காட்சி இதுதான் போலும். அவரே மூடச் சொல்லியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

நான் பேனையை எடுத்தேன். செம்பட்டை முடிக்காரி என் கையில் தட்டினாள். அவள் டேனிஷில் கிசுகிசுத்ததை என் வீட்டுத் தமிழில்தான் என்னால் எழுத முடியும். அவளுடைய தொனி அப்படி.

"இண்டைக்கு ஓய்வுநாள். எழுதக் கூடாது."

"எனக்குச் சோதினை."

"அப்ப மூளையில எழுது."

மூளையில் எழுதுவதற்காகக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கினேன். பெண்கள் ஏன் கிப்பா போடுவதில்லை?

"ஆம்பிளையளுக்குக் கடவுளை ஞாபகப்படுத்த வேணுமாம். பொம்பிளையளுக்கு அது தானாவே ஞாபகம் இருக்குமாம். என்ர மாமா அப்பிடித்தான் சொல்லுவார்."

"நீ நம்புறியோ?"

"மாமா இதைச் சொன்னா, அடுத்ததா என்னைத் தேத்தண்ணி போடச் சொல்லப் போறார் எண்டு அர்த்தம்."

"எங்கட சுவாமியும் இப்பிடித்தான். பெண்கள்தான் பக்தியில கூடினவை எண்டு பிரசங்கம் வைப்பார். பிறகு கோயில் கூட்ட எங்களைத்தான் கூப்பிடுவார்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முன்வரிசைத் தொப்பி ஒன்று திரும்பி எங்களைப் பார்த்தது. எங்கள் கோயிலில் பெண்கள் முக்காடு போட வேண்டும், ஆண்கள் தலையில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று நான் சொன்னபோது, அப்படியானால் உங்கட கடவுளும் எங்கட கடவுளும் ஒருநாள் இருந்து கதைத்து முடிவெடுக்க வேண்டும் என்றாள். ஒரே கடவுள்தான் என்று நான் ஞாபகப்படுத்தினேன். அப்ப இன்னும் மோசம் என்றாள். மொட்டைத் தலை விடயத்தையும் கேட்டுவிட்டேன். முடி உள்ளவர்கள் கிளிப் குத்துவார்கள், மாமா தரைவிரிப்பு ஒட்டும் நாடாவை வட்டமாக வெட்டி உள்ளே ஒட்டுவார் என்றாள்.

வாசலிலேயே தயங்கி நின்ற அப்பா அந்த நேரத்தில்தான் மண்டபத்துக்குள் வந்தார். விளக்குகளையும் முன்னால் தொங்கிய பெரிய திரையையும் கண்டார். கண்டதும், பிறந்ததிலிருந்து கோயில் வாசலில் செய்து பழகிய வேலையைக் கை தானாகவே செய்தது. கிப்பாவைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வலது முழங்காலை நிலத்தில் ஊன்றினார்.

"அது ஆர்?" என்று கேட்டாள் செம்பட்டை முடிக்காரி.

"என்ர அப்பா," என்றேன். மூன்றுதரம் கேட்டிருந்தால், சேவல் கூவுமுன் தன் குருவையே தெரியாது என்ற வேதத்துச் சீடரைப் போல நானும் மறுதலித்திருப்பேனோ தெரியாது. அங்கே கூவச் சேவலும் இல்லை.

வாசல்காரர் ஓடிவந்து கிப்பாவை வாங்கி அப்பாவின் தலையில் வைத்தார். அப்பா பணிவாகத் தலையாட்டி ஒரு நீள மர வாங்கில் போய் இருந்தார். கொஞ்ச நேரத்தில் திரையை விலக்கி, வெள்ளி மணிகள் குலுங்க வேதச் சுருளை வெளியே எடுத்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். இதைவிடப் புனிதமான நேரம் இனி வராது என்று அப்பாவுக்கு விளங்கிவிட்டது. அதனால் இன்னும் பயபக்தியோடு கிப்பாவைக் கழற்றினார். வாசல்காரர் மறுபடி வந்தார். அப்பா மன்னிப்புக் கேட்பதுபோல் கையெடுத்துக் கும்பிட்டு, போட்டுக்கொண்டார். சுருளை அவர் பக்கமாகச் சுமந்து வந்தபோது கை திரும்பவும் தலைக்குப் போனது.

மேலே நான் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா, கழற்றாதேங்கோ என்று தமிழில் கத்தினால் ஒருவருக்கும் விளங்காது, ஆனால் எல்லோருக்கும் கேட்கும். மாடத்தில் இருந்த பூந்தோட்டம் முழுக்க இப்போது அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வயதானவர். அவர் தன் புத்தகத்தை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். வலக்கையை எடுத்து அப்பாவின் தலைமேல், கிப்பாவின்மேல், அழுத்தி வைத்தார். எடுக்கவேயில்லை. செபத்தை வாய்க்குள் முணுமுணுத்தபடி அப்படியே நின்றார். அப்பா ஒரு கணம் திகைத்தார். பிறகு கண்ணை மூடி, தலையைக் குனிந்து, கைகளைக் குவித்துக்கொண்டார்.

"உன்ர அப்பா என்ன செய்யிறார்?"

"ஆசீர்வாதம் வாங்கிறார்," என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. முன்வரிசைத் தொப்பி இந்தமுறை உஸ் என்றது.

திரும்பி வரும் ரயிலில் அப்பாவின் முகம் நற்கருணை வாங்கி வந்த பிள்ளையின் முகம் போல இருந்தது.

"நல்ல சனம். தெரியாத ஆள் எண்டும் பாக்காமல் அந்தப் பெரியவர் எனக்குத் தலையில கை வச்சுச் செபிச்சவர்."

"அப்பா, அவர் நீங்கள் தொப்பியைக் கழட்டாமல் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். அங்க தலையை மூடித்தான் இருக்க வேணும். கழட்டுறது மரியாதையில்லை."

அப்பா தன் உச்சந்தலையைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப ஏன் முணுமுணுத்தவர்?"

"உங்களைத் திட்டியிருப்பார்."

"திட்டினாலும் வேத பாஷையிலதானே திட்டினவர்," என்றார் அப்பா, சமாதானமாக.

சோதனை நாளன்று எனக்கு வந்த சோதகர் ஒரு நரைத்தாடிக்காரர். நீண்டகாலம் பள்ளியில் சமயம் படிப்பித்தவர் என்று ஆசிரியை முன்பே எச்சரித்திருந்தார். நான் ஆயத்தம் செய்ததை ஒரு தடையும் இல்லாமல் பேசி முடித்தேன். கிப்பா என்ற சொல் கவிந்த கூரையைக் குறிக்கும் என்றேன். குருக்களின் தலைப்பாகை, சாத்திரக்காரர்கள், ஈச்சமரம், எல்லாம் சொன்னேன். கட்டளை இல்லை, வழக்கம்தான் சட்டமாக இறுகியது என்று முடித்தேன்.

"கட்டளை இல்லை என்பது பிழை," என்றார் சோதகர். "கடவுள் மோயீசனுக்குக் கொடுத்த சட்டத்தில் இருக்கிறது."

ஓம், மன்னிக்கவும் என்று சொன்னால் அடுத்த கேள்விக்குப் போகலாம். இல்லை என்று சொன்னால் வாளி. ஆசிரியை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை," என்றேன்.

"நான் இதைப் பல வருடம் படிப்பித்திருக்கிறேன்."

"அப்படியானால் எந்த இடத்தில் என்று சொல்." டேனிஷில் யாரையும் நீ என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு அது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. தாடியைச் சொறிந்துவிட்டு, "கட்டளையும் இல்லை என்றால் அந்தத் தொப்பிக்கு என்னதான் அர்த்தம்?" என்றார்.

இதற்கென்று பாடமாக்கி வைத்திருந்த அழகான வசனம் ஒன்று இருந்தது. கோபத்தில் அது எங்கேயோ போய்விட்டது. வாய்க்கு வந்தது அப்பாதான். கடல்காரர், எழுத வாசிக்கத் தெரியாதவர், மரியாதைக்காகத் திரும்பத் திரும்பக் கழற்றியதையும், அவர்கள் மரியாதைக்காகத் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டதையும், ஒரு வயதானவர் செபம் முடியும்வரை கை உளைய அதைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் சொன்னேன். துணியைப் பார்த்தால் அர்த்தம் தெரியாது, அங்கே நின்ற இரண்டு பேரையும் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றேன். பெண்களுக்குத் தேவையில்லை என்கிற காரணத்தைத் தேத்தண்ணி போட வைக்க ஆண்கள் கண்டுபிடித்தார்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம் என்றும், கேட்காமலே, சேர்த்துக்கொண்டேன்.

சோதகர் சிரிக்கவில்லை. வெளியே காத்திரு என்றார்.

நடைவழியில், சோதனை முடித்து வந்த போலந்துக்காரி, எப்படிப் போனது என்று கேட்டாள். சோதகரோடு சண்டை பிடித்தேன் என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். கதவு திறந்து ஆசிரியை வந்தார்.

"சித்தி," என்றார். "நாங்கள் இரண்டு பேரும் ஒரு விடயத்தில் உடனே ஒத்துப்போனோம். உனக்குக் கோபம் வந்தால் டேனிஷ் நன்றாக வருகிறது."

சோதகர் உண்மையாகவே பிழைவிட்டாரா, அல்லது வேண்டுமென்று சீண்டிப் பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் சரி என்பது மட்டும் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை கொம்யூனுக்குப் போனேன். பெண்மணி எங்கள் கோப்பை விரித்தார்.

"நான் உயர்வகுப்புக்குப் போகிறேன்," என்றேன்.

"அங்கே மிகவும் கடினம், தெரியுமா? முதியோர் இல்லத்தில் உனக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள்."

"வேறு ஆளைப் பிடிக்கச் சொல்."

"அங்கே போய் என்ன படிக்கப் போகிறாய்?"

"தெரியாது."

"தெரியாமலா போகிறாய்?"

"தெரிந்திருந்தால் நேரே வேலைக்கே போயிருப்பேனே."

அவர் கோப்பின் மூலையில் உயர்வகுப்பு என்று எழுதிவிட்டு, கதவைத் திறந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.